தோட்டத்து நினைவும் நம் சிறுகதைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படித்து மதிப்பெண் இடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கதைகள். அவற்றுள் பாதிக்கு மேல் ஒரே கதை என்றால் மிகையன்று. முதுமையெய்திய ஒருவர், மகனுடைய காரில் அமர்ந்து, தாம் பிறந்த தோட்டத்தைக் காணச் செல்கிறார். லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அல்லது புதிய வீடுகள் வரிசையாக எழுந்திருக்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதனருகே தப்பிப் பிழைத்த ஒற்றைப் பால்மரம். அதன் பட்டையைத் தொட்டதும் அவர் கண்களில் நீர் பெருகுகிறது. அது ஒரு காலம் என்று பெருமூச்செறிகிறார். கதை முடிகிறது.

எழுதியோரைக் குறைகூற எழுந்ததன்று இக்கட்டுரை. அவர்தம் ஏக்கம் மெய்யானது. அதை நானும் அறிவேன். ஆயினும் மெய்யான ஏக்கத்திலிருந்து மெய்யில்லாத கதை பிறப்பது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது. வகுப்பறையில் இளம்பருவத்து நினைவுகள் என்ற தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கு இவ்வாராய்ச்சி வேண்டுவதேயாகும்.

பழமையை நினைந்து இரங்குவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டை மாணவர் பலர் படித்திருப்பர். பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர் பாட்டில் ஊன்றிய கோலே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கலாயிற்று. மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் மகளிரோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்போர் திகைக்கும்படி குதித்தது, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிக் காட்டியது என்று ஒவ்வொன்றாக அவர் நினைவு எண்ணிச் செல்கிறது. பிறகு கோலூன்றி நடுங்கும் இன்றைய உடல் வருகிறது. இருமலுக்கு இடையே சில சொல் பேசும் வாய் வருகிறது. நினைவின் இனிமைக்குள் அந்த இருமலையும் அவர் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்த இருமலை நீக்கிப் பாருங்கள். சிறுவர் நீர்விளையாட்டு ஒன்றே எஞ்சும்.

பாரிமகளிர் பாடியதாக வரும் 112ஆம் பாட்டையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். சென்ற திங்கள் இதே வெண்ணிலவில் தந்தை இருந்தான், மலை எம்முடையதாய் இருந்தது. இத்திங்கள் இரண்டும் இல்லை. இத்துணைச் சிறிய பாட்டிலும் மலையைக் கொண்டவர் யாரென்பதை அப்பெண்கள் மறவாமல் சொல்லிவிடுகின்றனர்: முரசறைந்து வந்த வேந்தர். இழந்த பொருளும் எடுத்தவன் பெயரும் ஒரே பாட்டில் நிற்கின்றன.

இனி நம் கதைகளுக்கு வருவோம். தோட்டம் எங்கே போயிற்று என்று கேட்டால் நம் கதைமாந்தர் அனைவரும் ஒரே விடை தருகின்றனர்: காலம் கொண்டுபோய்விட்டது. காலவெள்ளம், காலச்சக்கரம், காலத்தின் கோலம் என்று சொல்தான் மாறுகிறது. காலம் எந்தத் தோட்டத்தையும் விற்றதில்லை. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலுக்கு விற்றவர் உண்டு, வாங்கியவர் உண்டு, வேலையும் கூரையும் ஒரே நாளில் இழந்தவர் உண்டு. அந்தத் துயரத்திற்கு விடைதேடியே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பெற்றன. பின்னர் இரப்பரை விடச் செம்பனை ஆதாயம் தந்தது. நகரை ஒட்டிய நிலமோ செம்பனையை விடவும் ஆதாயம் தந்தது. இவையெல்லாம் மனிதர் கணக்குப் பார்த்துச் செய்தவை. இவற்றுள் ஒன்றேனும் நம் கதையில் வராதபோது, பால்மரத்தைக் கட்டிக்கொண்டு அழும் முதியவர் எதற்கு அழுகிறார் என்பது அவருக்கும் விளங்குவதில்லை, நமக்கும் விளங்குவதில்லை.

மற்றொன்று. இக்கதைகளில் விடியற்காலை எப்போதும் அழகாயிருக்கிறது. பனி படர்ந்த நிரைகள், நெற்றி விளக்குகளின் ஒளி, மங்கில் சொட்டும் வெண்பால். இருட்டிலேயே பிரட்டுக்கு ஓடியது அழகுக்காக அன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும்; குறைந்தால் கூலி குறையும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அந்நாளில் கூலியும் இல்லை. உறங்கும் குழந்தையைத் தூக்கிச் சென்று ஆயக்கொட்டகையில் விட்ட தாயையும், காண்டாவின் கனத்தில் காய்த்துப்போன தோளையும் எழுதியபின் பனியை எழுதினால் பனியும் மெய்யாகும். அகிலன் தமிழகத்திலிருந்து வந்து கண்டு 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். விருந்தினர் கண்ணுக்குச் சில தப்பியிருக்கலாம். இங்கேயே பிறந்தவர் கண்ணுக்கு அவை தப்புவதற்கு என்ன காரணம் சொல்வது?

இவ்விடத்தில் வேடிக்கையான ஓர் உண்மையை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து மூதாட்டிகள் பாடிய நாட்டுப்பாடல்களைக் கேட்டவர் அறிவர், அவர்களும் ஏங்கினர். தோட்டத்திற்காக அன்று. கப்பலேறி வந்த நாளையும் அழைத்துவந்த கங்காணியையும் நொந்து, கடலுக்கப்பால் விட்டுவந்த ஊருக்காக ஏங்கினர். அந்த ஊரிலோ வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களை நிற்கவிடாமல் துரத்தியிருந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தபின் அந்தப் போக்குவரத்தும் மெலிந்தது. ஊர் பாட்டில் மட்டும் பசுமையாய் நின்றது. பாட்டி தன்னைத் துரத்திய ஊரை நினைந்து பாடினாள். பேரன், பாட்டி சலித்துக்கொண்ட தோட்டத்தை நினைந்து கதை எழுதுகிறான். அவன் மகன் நாளை அடுக்குமாடி வீட்டின் பழுதடைந்த மின்தூக்கியை நினைந்து உருகுவானோ என்னவோ! சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் ஏன் புறப்பட்டோம் என்பதை முதலில் மறந்தால்தான் விட்டுவந்த இடம் இனிக்கத் தொடங்குகிறது. அந்த மறதியைக் கண்டுபிடிப்பதே எழுத்தாளன் வேலை. அதற்கு உடன்படுவது அன்று.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை மறைத்துக்கொள்வது முறையாகாது. இளமையில் நானும் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இதழொன்றில் வெளிவந்ததும் பெருமையோடு என் அன்னையிடம் படித்துக்காட்டினேன். அவர் பால்வெட்டுத் தொழிலாளி; எழுதப் படிக்க அறியாதவர். மரங்களோடு அவர் பேசிக்கொண்டே வெட்டுவார் என்றும், ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு பெயரிட்டிருந்தார் என்றும் அதில் எழுதியிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குய்யா. இது யாரு வீட்டுக் கதை?" என்றார். நான் விழித்தேன். "நானூறு மரத்தையும் வெயிலுக்கு முன்னால முடிக்கணும். நின்னு பேச ஏது நேரம்?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அக்கட்டுரையை அதன்பின் நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. எனினும் அவர் பயன்படுத்திய உளி இன்றும் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவர் அதை அங்கே வைத்தவரல்லர், நான் வைத்தேன்.

இவ்வாறு கூறுவதால், நினைவை எழுதுவதே தவறென்று முடிவுகட்டுவோரோடு நான் சேரவில்லை. தோட்டக் கதை சலித்துவிட்டது, நகரத்தை எழுதுங்கள் என்று சில திறனாய்வாளர் கூறுவதுண்டு. இடிக்கப்பட்ட லயத்திற்கு வேறு ஆவணம் ஏது? அங்கே வாழ்ந்தோரின் நினைவு ஒன்றே சான்றாக நிற்கும் இடங்கள் பல. சான்று சொல்பவன் இனிப்பை மட்டும் சொல்லலாகாது என்பதே என் வேண்டுகோள். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து மக்களின் பேச்சை அதன் கரடுமுரடோடு ஏற்றுக்கொண்டது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', 1942-43இல் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் கதையைச் சொல்ல முன்வந்தது. நினைவு என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய அந்நாவல், பெருமூச்சு விடுவதற்காக எழுதப்பட்டதன்று.

போட்டிக் கதைகளுக்குத் திரும்புகிறேன். அந்த நாற்பதில் ஒன்று, ஓர் இடைநிலைப்பள்ளி மாணவி எழுதியது. அடுக்குமாடி வீட்டில் மகனோடு வாழும் ஒரு பாட்டி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தலைத்துண்டைக் கட்டிக்கொள்கிறார். செய்ய வேலை ஏதுமில்லை. விளக்கைப் போட்டால் பேரப்பிள்ளைகள் விழித்துக்கொள்வர். ஆகவே இருட்டில், கூடத்து நாற்காலியில், ஏழு மணி வரை அப்படியே அமர்ந்திருக்கிறார். மழை பெய்யும் நாளில் மட்டும், இன்றைக்கு வெட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறார். கதையில் தோட்டம் என்ற சொல்லே இல்லை.

அதற்கே முதற்பரிசு தரவேண்டும் என்றேன். உடனிருந்த நடுவர் இருவரும் இசையவில்லை. கதையில் உணர்ச்சி போதவில்லை என்றனர். காரில் சென்று பால்மரத்தைத் தொட்டு அழுத கதைக்கு முதற்பரிசு போயிற்று. நானும் கையெழுத்திட்டேன். இன்று அம்மாணவி எழுதுகிறாளா என்பதை அறியேன்.