மொரியாட்டியின் புது அவதாரம்

1891 ஆம் ஆண்டு யூலை மாதம் 'ஸ்ட்ராண்ட்' என்னும் இலண்டன் சஞ்சிகையில் வெளிவந்த சிறுகதை ஒன்றில் திருகோணமலையின் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆர்தர் கொனன் டொயில் எழுதிய அக்கதையின் தொடக்கத்தில், துப்பறிவாளர் ஷேர்லொக் ஹோம்ஸ் திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த ஒரு துயரத்தின் மர்மத்தைத் துலக்கினார் என்று அவர் நண்பர் வாட்சன் போகிற போக்கில் கூறிச் செல்கிறார். அவ்வளவுதான். அச்சகோதரர் யாவர், இங்கே என்ன தொழில் செய்தனர், அத்துயரத்தினால் இலாபம் அடைந்தவர் எவர் என்பவற்றுள் ஒன்றையேனும் டொயில் பின்னர் எங்கும் எழுதவில்லை. தோப்பூரில் இருந்து, கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள அத்துறைமுகத்தை நோக்கும் எமக்கு, ஒரு பேரரசின் பார்வை எத்தகையது என்பதை உணர்த்த அந்த ஒரு குறிப்பே போதுமானது. 1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்டு, 1957 வரை பிரித்தானியக் கடற்படைக்குத் தளமாக விளங்கிய துறைமுகம், இலண்டன் வாசகனுக்கு ஒரு மர்மத்தின் முகவரி மாத்திரமே.

எழுதப்படாத அக்கதை ஒரு கேள்வியை எழுப்புகிறது. குற்றவாளி யார்? இது பொழுதுபோக்குக் கதைகளுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஒரு சமுதாயம் தன் கதைகளில் எவனைத் தீயோனாக நிறுத்துகிறதோ, அவனைக் கொண்டே, தன் துன்பங்களின் வேர் எங்கே இருப்பதாக அது நம்புகிறது என்பதை நாம் அறிந்துகொள்ளலாம். ஆகவே, ஸ்டீவன் மொஃபாட், மார்க் கேட்டிஸ் ஆகிய இருவரும் ஹோம்ஸ் கதைகளை இக்காலத்துக்கு ஏற்ப மாற்றி, 2010 முதல் 2017 வரை பி.பி.ஸி. தொலைக்காட்சிக்கு ஆக்கியளித்த 'ஷேர்லொக்' தொடரில், பேராசிரியர் மொரியாட்டி எடுத்துள்ள புது அவதாரத்தை ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் மூல மொரியாட்டியை நோக்குவோம். 1893 இல், ஹோம்ஸ் கதைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க விரும்பிய டொயில், அவரைக் கொல்வதற்கென்றே படைத்த பாத்திரம் அது. கணித மேதை; பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர்; கண்ணியவான். குற்றம் நிகழும் இடத்தில் அவர் ஒருபோதும் காணப்படுவதில்லை. ஏவலாளர் அகப்படலாம், ஏவியவர் அகப்படார். 1914 இல் தொடங்கி வெளிவந்த 'அச்சத்தின் பள்ளத்தாக்கு' என்னும் நாவலில் டொயில் இன்னும் ஒருபடி முன்னேறுகிறார். அந்நாவலில் பேராசிரியரின் ஆண்டுச் சம்பளம் 700 பவுண். அவர் அறையிலோ பெருஞ்செல்வர் மாத்திரமே வாங்கக்கூடிய ஓவியம் தொங்குகிறது. அவருடைய முதன்மைக் கையாள் பெறும் ஊதியம் ஆண்டுக்கு 6,000 பவுண். பிரதம மந்திரியின் சம்பளத்திலும் அது அதிகம் என்கிறார் ஹோம்ஸ். குற்றம் இங்கே ஒரு தனிமனிதனின் வெறியன்று. சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளரும் இலாபமும் கொண்ட ஒரு நிறுவனம் அது. தம்மை அறியாமலேயே டொயில் முதலாளித்துவத்தின் உருவத்தை ஓரளவு வரைந்துவிட்டார் எனலாம்.

ஆயினும் டொயிலின் வர்க்கப் பார்வையை நாம் மறந்துவிடலாகாது. அதே நாவலின் பிற்பகுதியில் அவர் கொலைகாரராகக் காட்டுவது, அமெரிக்கச் சுரங்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் இயங்கும் இரகசியச் சங்கத்தினரை. அதற்கு ஆதாரமாயிருந்த உண்மை நிகழ்ச்சி பென்சில்வேனியாவில் நடந்தது. 'மொலி மகுவயர்' என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஐரிஷ் சுரங்கத் தொழிலாளர் வழக்கு அது. 1877 முதல் 1879 வரை 20 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுக்குள் ஒற்றனை அனுப்பச் செய்தவரும், பின்னர் வழக்கு மன்றத்தில் அவர்களுக்கு எதிராக வாதாடியவரும் ஒருவரே: ரெயில்வேக் கம்பனியின் தலைவர் கோவன். நாவலில் ஒற்றன் வீரனாகிறான், தொழிலாளர் கொடியோராகின்றனர், அவர்களுக்குத் துணையாக மொரியாட்டியும் வந்து சேர்கிறார். கம்பனித் தலைவர் மீது சந்தேகத்தின் நிழலும் விழவில்லை.

இனி, தொலைக்காட்சி மொரியாட்டிக்கு வருவோம். அண்ட்ரூ ஸ்கொட் ஏற்ற இப்பாத்திரம் நடிப்புத் திறனில் குறைந்ததன்று. 2012 இல் அதற்காக அவருக்கு பாஃப்டா விருதும் கிடைத்தது. முதுமையும் பேராசிரியத் தோரணையும் நீங்கி, வைத்தியசாலையின் கணினிப் பிரிவு ஊழியராக, எவர் கண்ணிலும் படாத சாதாரண இளைஞராக அவர் முதலில் தோன்றுவது நல்ல கற்பனை. ஹோம்ஸ் ஒரு போலி என்ற பொய்யைப் பத்திரிகை வாயிலாகப் பரப்பி அவர் மதிப்பைச் சிதைப்பதும் இக்காலத்து உண்மைதான். இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இந்த மொரியாட்டி ஏன் குற்றம் செய்கிறார்? சலிப்பினால்! ஹோம்ஸுக்கு ஈடான மூளை. அதற்குத் தீனி வேண்டும். இதற்காக அப்பாவி மனிதர் உடலில் வெடிகுண்டு கட்டப்படுகிறது. கண் தெரியாத ஒரு மூதாட்டி, தாம் கேட்ட குரலைப் பற்றி வாய் திறந்ததும், அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தோடு அழிக்கப்படுகிறார். அவருக்காகக் கலங்க நாடகத்துக்கு நேரமில்லை. அடுத்த புதிர் காத்திருக்கிறது. மொரியாட்டியிடம் குற்றத்தை விலைக்கு வாங்குவோர் ஓரிருவர் தலைகாட்டினும், கதையின் முழுப் பாரமும் இரண்டு மேதைகளின் போட்டி மீதே சுமத்தப்படுகிறது. நிறுவனமாக இருந்த குற்றம் இங்கே ஒரு நோயாளியின் விளையாட்டாகக் குறுகிவிட்டது.

வியப்பு என்னவெனில், உண்மை ஓரிடத்தில் நாடகத்தையும் மீறி எட்டிப் பார்க்கிறது. 2012 ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில் இங்கிலாந்து வங்கி, இலண்டன் கோபுரம், பென்ரன்வில் சிறைச்சாலை ஆகிய மூன்றின் பூட்டுகளும் ஒரே வேளையில் திறக்கின்றன. எல்லாவற்றையும் திறக்கும் மாயக் கணினிக் குறியீடு ஒன்று இருப்பதாக ஹோம்ஸும் நம்புகிறார். கடைசியில் மொரியாட்டி சிரிக்கிறார்: அப்படி ஒரு குறியீடே இல்லை, உள்ளே இருந்தவர்களை விலைக்கு வாங்கியதே சூட்சுமம். எத்துணை பெரிய உண்மை! யார் வாங்கப்பட்டனர், எதற்காக வாங்கப்பட்டனர் என்று அங்கே நாடகம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சில நிமிடங்களில் அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொள்கிறார். கேள்வியும் அவரோடு மடிகிறது.

இது தற்செயல் அன்று என்பதற்கு இன்னொரு பாத்திரம் சான்று. 1913 இல் டொயில் எழுதிய கதையொன்றில் வரும் கல்வர்டன் ஸ்மித், சுமாத்திராவில் தோட்டத் துரை. தன் தோட்டத்தில் பரவிய நோயை ஆராய்ந்து, அந்நோயைக் கொண்டே சொத்துக்குக் குறுக்கே நின்ற மருமகனைக் கொல்கிறான். சுமாத்திராவின் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளும் உழைத்தனர் என்பதை அறிந்த எமக்கு, அக்கொடியவனை அடையாளம் காண்பதில் தடையில்லை. 2017 இல் தொலைக்காட்சி அவனை வைத்தியசாலைக்கு வாரி வழங்கும் புகழ்பெற்ற செல்வந்தனாக மாற்றியது. கொடை வள்ளலின் முகமூடியைக் கிழித்தது துணிவான மாற்றமே. ஆனால் தோட்டம் மறைந்தது, சொத்தும் மறைந்தது, அவன் இப்போது கொல்வது இன்பத்துக்காக! நோக்கம் பணப்பெட்டியை விட்டு மனநோய்க்கு இடம் மாறிவிட்டது. அதே வேளையில், 2010 இல் வந்த இரண்டாம் பகுதியிலே சீனக் கடத்தற் கூட்டம் என்ற பழைய பூச்சாண்டி மாத்திரம் சிறிதும் மாற்றமின்றி உலவுகிறது. அந்தமான் தீவினன் ஒருவனைக் குரூர உருவமாகத் தீட்டிய 1890 ஆம் ஆண்டு டொயிலிலிருந்து இது எவ்வளவு தூரம் முன்னேறியது?

வேறு வழி இல்லாமலில்லை. 2012 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'எலிமென்டரி' தொடர், மொரியாட்டியை ஒரு பெண்ணாக்கியது. அவள் நடத்தும் கொலைகளுக்குப் பின்னால் ஒரு நாட்டின் நாணய மதிப்பு உயர்வில் கொள்ளை இலாபம் காணும் திட்டம் இருக்கிறது. அவளும் இறுதியில் காதல் உணர்ச்சியினால் தோற்கடிக்கப்படுகிறாள் என்பது குறையே. எனினும் டொயில் தொட்ட உண்மை அங்கே உயிரோடு இருக்கிறது.

இலண்டன் நாடகத்தில் வரும் தீயோனைப் பற்றித் தோப்பூரில் இருப்போருக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். 2006 ஓகஸ்ட் மாதத்தில் போர் மூண்டபோது, மூதூரிலும் தோப்பூரிலும் இருந்து மக்கள் குழந்தைகளைச் சுமந்துகொண்டு கந்தளாய்க்கு ஓடினர். அந்நாட்களில் ஒவ்வொருவர் நாவிலும் ஒரு தீயோன் ஆயத்தமாக இருந்தான்: வேறு மொழி பேசுபவன், அல்லது வேறு மதத்தைச் சார்ந்தவன். அதற்கும் விடை போதாதபோது, 'எல்லாம் சில பைத்தியக்காரரின் வேலை' என்றனர். இந்த இரு விடைகளையுமே இத்தகைய நாடகங்கள் நமக்குப் பயிற்றுவிக்கின்றன. போரினால் யாருக்கு ஆதாயம் என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்க ஆளில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இந்நாடகங்களைப் பார்க்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை. பார்த்து முடிந்ததும் அந்த மூன்றாவது கேள்வியை வகுப்பறையில் எழுப்புங்கள் என்றே வேண்டுகிறோம். அட்கின்சன் சகோதரரின் கதை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்படாமலே கிடக்கிறது. எம் மாணவர் எவரேனும் அதனை எழுத முன்வரட்டும். அப்படி எழுதுவோர் கொலையாளியின் கண்களில் வெறியைத் தேடவேண்டாம்; அவன் பிறந்த இனத்தையும் தேடவேண்டாம். துறைமுகத்தின் கணக்கேட்டைத் திறக்கட்டும். வரவுப் பக்கத்திலே மொரியாட்டி இருப்பார்.