பெரிய யுத்தமும் சின்ன ஸிப்பாயும்

தளபதிகள் எழுதுகிற யுத்த நூல்களில் எனக்கு அவ்வளவாக ருசி கிடையாது. எந்தக் குன்றில் எந்தப் படையை நிறுத்தினோம், தோற்றதற்கு அடுத்த தளபதி எப்படிக் காரணம் என்பதெல்லாம் அவற்றில் விஸ்தாரமாக இருக்கும். ஸிப்பாய் அன்று என்ன சாப்பிட்டான், சாப்பிட்டானா என்பது இராது. அந்தக் குறையைத் தீர்க்கும் அபூர்வமான புத்தகம் ஒன்று, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற கட்சியிலிருந்து வந்திருக்கிறது. ஸாம் வாட்கின்ஸ் எழுதிய 'கம்பெனி எச்' என்பது அதன் பெயர்.

வாட்கின்ஸ் 1839இல், டென்னஸி மாநிலத்துக் கொலம்பியாவுக்கு அருகே பிறந்தவர். 1861இல் தென் மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டரசு அமைத்தபோது, முதலாவது டென்னஸிப் படையின் 'எச்' கம்பெனியில் சேர்ந்தார். ஷைலோ, சிக்கமாகா, அட்லாண்டா, ஃபிராங்க்ளின், நாஷ்வில் என்று நான்கு வருஷம் சண்டை. தொடக்கத்தில் கம்பெனியில் சேர்ந்த 120 பேரில், 1865இல் சரணடைந்தபோது மிஞ்சியவர்கள் 7 பேர் என்று கணக்கு. யுத்தம் தொடங்கி இருபது வருஷம் கழித்து ஊர்ப் பத்திரிகையில் தொடராக எழுதினார். 1882இல் அது புத்தகமாயிற்று.

எழுதும்போது தம் குழந்தைகள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு, முழங்கையை இடித்துக்கொண்டு கூச்சல் போடுகிறார்கள் என்கிறார். புத்தகத்தின் தொனியே அதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் அப்பா கதை சொல்லுகிற தொனி. தாம் சரித்திரம் எழுதவில்லை என்று அடிக்கொரு தடவை சொல்லிக்கொள்ளுகிறார். சட்டனூகாவில் பசி தாங்காமல் எலியைப் பிடித்துச் சமைத்துவிட்டு, வாயருகே கொண்டுபோனபின் தின்ன மனம் வராமல் போனதைச் சிரித்துக்கொண்டே சொல்லுகிறார். ஃபிராங்க்ளின் சண்டைக்கு வந்ததும் சிரிப்பெல்லாம் அடங்கி, அந்தப் பக்கத்தை எழுதாமல் தாண்டிவிட முடியாதா என்று தவிக்கிறார். அந்த ஒரு சண்டையில் தென் படையின் 6 தளபதிகள் மாண்டார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: எங்கே பேசுவது, எங்கே நாக்குழறுவது என்பது இந்த மனிதருக்கு இயற்கையாகவே வந்திருக்கிறது.

ஆனால் இந்த நூலை வெறுமே மெச்சிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை.

1860இல் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். தென் கூட்டரசின் அரசியல் சட்டமே அடிமை முறைக்குக் காவல் போட்டு எழுதப்பட்டது. வாட்கின்ஸோ, பிரிவினைப் பேச்சாளர் யான்ஸியை வைத்து ஒரு வேடிக்கைக் கதையுடன் புத்தகத்தைத் தொடங்கி, மாநில உரிமைக்காகச் சண்டை போட்டோம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளுகிறார்.

குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கையில் கொடுமையான விஷயம் எதற்கு என்று விட்டிருப்பார் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அது பொருந்தாது. ஒற்றர்கள் என்று இரண்டு பையன்களைத் தம் கட்சியார் தூக்கில் போட்டதை அவரே எழுதியிருக்கிறார். வேடிக்கை பார்க்கப் போனவர், அவர்கள் பிள்ளைகள் என்று கண்டு பதறினார். சின்னவன் அழுது மன்றாடினான். பெரியவன் அவனைக் கடிந்துகொண்டான். இதைக்கூடத் தம் குழந்தைகள் நடுவில் இருந்துகொண்டு எழுதியவர், எதையும் மென்மைக்காக மறைக்கிறவர் அல்ல.

மறைக்கவில்லை, பார்க்கவேயில்லை. அதற்குச் சாட்சியும் புத்தகத்திலேயே இருக்கிறது. 1862 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சட்டம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில், 20 அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரனுக்கு விலக்கு என்று திருத்தம் வந்தது. வாட்கின்ஸுக்கு ஆத்திரம் பொங்குகிறது. பணக்காரனுடைய யுத்தத்தில் ஏழை சாவதா என்று ஸிப்பாய்கள் கொதித்ததைச் சொல்லுகிறார். நியாயமான கோபந்தான். ஆனால் அந்த 20 பேருக்கு நேர்ந்த அநியாயம் அவர் மனசில் படவில்லை. 20 என்பது அவருக்கு எண்ணிக்கை மட்டுமே. தாம் ஏமாற்றப்பட்டதை அளக்க உதவுகிற எண்ணிக்கை.

'நான் சரித்திரம் எழுதவில்லை' என்ற வாக்கியம் இங்கேதான் இரண்டு வேலை செய்கிறது. தளபதிகளின் பொய்யிலிருந்து அது ஆசிரியரைக் காப்பாற்றுகிறது. எதற்காகச் சண்டை என்ற கேள்வியிலிருந்தும் காப்பாற்றிவிடுகிறது. முதலாவதற்காக அவரை நேசிக்கிறோம். இரண்டாவதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

வாட்கின்ஸ் மறுபதிப்புக்காகத் திருத்தங்கள் செய்து வைத்திருந்து, அது வெளிவருவதைக் காணாமலே 1901இல் காலமானார். அந்தத் திருத்தங்களுடன் கூடிய பதிப்பை அவருடைய கொள்ளுப்பேத்தி 2007இல் கொண்டுவந்தார். 1990இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் அவருடைய சொற்களை லட்சக்கணக்கானவர்களுக்குக் கேட்கச் செய்தது. வீட்டுக் கதை ஊர்க் கதையாகி, தேசத்தின் கதையும் ஆகிவிட்டது. அப்பா சொல்லும்போது குழந்தை குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. தேசத்தின் கதையாகிவிட்டபின் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆகையால் புத்தகத்தைத் தவறாமல் படியுங்கள். எலிக்கறிக்குச் சிரியுங்கள், அந்த இரண்டு பையன்களுக்காகக் கண் கலங்கினாலும் தவறில்லை. சட்டத்தைப் பற்றிய அந்தப் பக்கம் வரும்போது மட்டும் சற்று நிறுத்தி, அந்த 20 பேருடைய குழந்தைகள் யார் முழங்காலைச் சுற்றிக்கொண்டு, என்ன கதை கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.