பிளாஷ் எட்டும் தூரம்

மரக்காணம் உப்பளங்களை நீங்கள் நேரில் பார்த்திராவிட்டாலும் அவற்றின் ஒளிப்படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நாட்காட்டிகளிலும், போட்டிகளின் பரிசுப் பட்டியலிலும், இப்போது கைப்பேசித் திரைகளிலும் அது அடிக்கடி வருகிறது. படம் பெரும்பாலும் ஒன்றேதான். பின்னால் சிவந்த வானம். நடுவில் கண்ணாடிபோல் கிடக்கும் பாத்தி நீர். வரப்பின்மேல் தலையில் கூடை சுமந்து செல்லும் மூன்று நான்கு பெண்கள். அந்தப் பெண்கள் கருப்பு உருவங்களாக இருப்பார்கள். கண், மூக்கு, வயது எதுவும் தெரியாது. நடுவர்கள் இதைக் கலைநயம் என்பார்கள்.

அழகான படந்தான், மறுக்கவில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காமிராவுடன் வந்து இறங்குபவர்கள் ஆண்டுக்கணக்கில் இதே படத்தை எடுத்துச் செல்வதைப் பார்த்தால், மரக்காணத்தில் முகமுள்ள மனிதர் எவரும் வேலை செய்வதில்லையோ என்ற ஐயம் வெளியூர்க்காரருக்கு எழக்கூடும். அந்த முகம் ஏன் காணாமற் போகிறது? அதை மீட்கக்கூடிய சிறு கருவியான பிளாஷ் விளக்கை நம் ஒளிப்படக்காரர்கள் எப்படிக் கையாளுகிறார்கள்? இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாலைச் சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் உருவம் கறுக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. நண்பகலிலும் கறுப்பது ஏன்? காமிராவிலுள்ள ஒளிமானிக்குத் தான் பார்ப்பது உப்பா, கரியா என்று தெரியாது. உலகம் சராசரியாகத் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கில்தான் அது அமைக்கப்பட்டுள்ளது. புதிதாக வாரிக் குவித்த உப்போ தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. ஒளிமானி ஏமாந்து, 'வெளிச்சம் மிகுதி' என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. வெள்ளை உப்பு சாம்பல் நிறமாகிறது. வெயிலில் கறுத்த முகம் கரிக்கட்டையாகிறது. வெளிச்சத்தைக் கூட்டி வைத்து எடுத்தால் முகம் வரும். உப்பு வெறுந்தாளாய் வெளுத்துவிடும். முகமும் வேண்டும், உப்பின் மணியும் தெரியவேண்டும் என்றால் முகத்தின்மேல் மட்டும் கொஞ்சம் ஒளி சேர்த்தாக வேண்டும்.

இங்கேதான் பிளாஷ் வருகிறது. பிளாஷ் என்றால் இருட்டில் போடுவது என்று நினைப்பவர்களே அதிகம். கல்யாண வீட்டு வழக்கம் அது. உண்மையில் உச்சிவெயிலில்தான் அதற்கு உயர்ந்த வேலை இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ.எஸ்.ஓ. 100 என்ற உணர்திறனில், ஷட்டர் 1/100 நொடி திறந்தால், தெளிந்த வெயிலுக்குத் துவார எண் 16 சரியாக இருக்கும் என்பது பழைய பிலிம் காலத்திலிருந்து வரும் விதி. பனி, மணல் போன்ற பளிச்சிடும் இடங்களுக்கு இன்னும் ஒரு படி குறைத்து 22 வைக்கச் சொல்வார்கள். உப்பளமும் அந்த இனந்தான். பெரும்பாலான காமிராக்களில் பிளாஷோடு இணைந்து இயங்கும் உச்ச வேகம் 1/200 நொடி அல்லது அதற்குச் சற்று மேல். 1/200 வைத்தால் துவாரம் 16 ஆகிறது. இனி பிளாஷுக்கு வருவோம். ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு வழிகாட்டி எண் உண்டு. அதைத் துவார எண்ணால் வகுத்தால், பிளாஷ் எத்தனை மீட்டர் தூரம் எட்டும் என்று கிடைக்கும். நடுத்தரமான பிளாஷின் எண் 36 என்று கொள்வோம். 36-ஐ 16-ஆல் வகுத்தால் 2.25.

இரண்டேகால் மீட்டர்! சூரியனுக்குச் சமமான ஒளி வேண்டாம், அதில் பாதி போதும் என்றால் 3.2 மீட்டர் வரை பின்வாங்கலாம். அதற்கு மேல் முடியாது. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற எதிர்விகித வர்க்க விதி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. புதிய காமிராக்களில் 1/2000 நொடியிலும் பிளாஷ் இயங்குமே என்று சிலர் கேட்கலாம். இயங்கும், ஆனால் அப்போது பிளாஷ் தன் ஆற்றலைத் துண்டு துண்டாகப் பிரித்து வெளிவிடுகிறது. பெரும்பகுதி ஷட்டரின் திரையிலேயே மோதி வீணாகிறது. எட்டும் தூரம் நீளாது, குறையவும் கூடும். கைப்பேசியில் இருக்கும் சிறு விளக்கோ இந்த வெயிலில் தீக்குச்சிக்குச் சமம். கைப்பேசிக்காரர்கள் உப்புக் குவியலையே விளக்காகக் கொள்ளலாம். வெயில் படும் குவியல் முகத்துக்கு எதிரே இருக்கும்படி நீங்கள் இடம் மாறி நில்லுங்கள். வேலை செய்பவரை நகரச் சொல்லாதீர்கள்; வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டிய வேலை அவருக்கு இருக்கிறது.

இந்த 2.25 என்ற எண்ணை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. கருப்பு உருவப் படத்தைச் சாலையோரம் நின்று நீண்ட லென்ஸால் எடுத்துவிடலாம். யாரையும் கேட்க வேண்டாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. பகல்வெயிலில் பிளாஷ் போட்டு எடுக்கும் படத்தை அப்படி எடுக்கவே முடியாது. பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்து, எதிரே இருப்பவர் "என்ன தம்பி, எதுக்குப் படம்?" என்று குரல் உயர்த்தாமல் கேட்கும் தூரத்தில் நின்றாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் அவருக்கு அங்கே கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பிளாஷ் மரபும் உண்டு. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை 1887 முதல் மக்னீசியத் தூள் கொளுத்திப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ் அதன் முன்னோடி. அவர் 1890-இல் வெளியிட்ட நூல் அந்நகரின் மனச்சாட்சியை உலுக்கியது உண்மை. நள்ளிரவில் கதவைத் திறந்து வெடித்த அந்த ஒளியில் ஏழைகள் திடுக்கிட்டு விழித்த முகத்தோடு நிலைத்துப் போனார்கள் என்பதும் உண்மை. இந்த மரபின் இன்றைய வாரிசுகளில் வலிமையானவர் நம் நாட்டைச் சேர்ந்த சோராப் ஹூரா. இவர் 2019-இல் வெளியிட்ட 'தி கோஸ்ட்' என்ற நூல் இந்தியக் கடற்கரையை ஒட்டி எடுத்த படங்களைக் கொண்டது. அவ்வாண்டின் சிறந்த ஒளிப்பட நூலுக்கான பாரிஸ் போட்டோ – அபெர்ச்சர் பரிசு பெற்றது. மறு ஆண்டில் அதே பெயரில் வந்த அவருடைய குறும்படம் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றின் திருவிழாவையும் இரவுக் கடலையும் காட்டுகிறது.

நூலில் தலையை இழந்த ஒரு பெண்ணின் சிறுகதை, சிற்சில மாற்றங்களோடு பன்னிரண்டு முறை வருகிறது. படங்களும் அவ்வாறே; பக்கத்துப் படம் மாறியதும் ஒரே படம் வேறு பொருள் தருகிறது. பிளாஷ் நேராக, கடுமையாக, முகத்தில் அறைந்தாற்போல் விழுகிறது. இதிலுள்ள இயற்பியல் எளியது. காமிராவின் தலையிலேயே பிளாஷ் இருக்க, ஆள் ஒரு மீட்டரிலும் பின்னணி நான்கு மீட்டரிலும் இருந்தால், பின்னணிக்குப் பதினாறில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேரும். ஆகவே அது இருளில் மறைகிறது. மனிதன் தன் ஊரிலிருந்து கத்தரித்து எடுக்கப்படுகிறான். மேலும் பிளாஷ் மின்னும் நேரம் ஏறத்தாழ 1/1000 நொடி. கண் கூசி இமை மூடப் பத்தில் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். எனவே ஒளிக்கு முகம் மறுமொழி சொல்லுமுன்பே படம் முடிந்துவிடுகிறது.

ஹூராவுக்கு இது பொருந்துகிறது என்பதே என் கருத்து. அவர் ஓர் ஊரைப் பற்றிய செய்தி சொல்லவில்லை. படங்களும் வதந்திகளும் எப்படிப் பொய்யாகின்றன, வன்முறை எப்படிப் பழக்கமாகிறது என்பதையே பேசுகிறார். அதற்கு ஊரிலிருந்து கத்தரித்த முகங்கள் தேவைப்படுகின்றன. பார்ப்பவருக்கு அமைதி கிடைக்காதபடி செய்வதே நோக்கம். அதில் அவர் வெற்றி பெறுகிறார்.

குறை, அவரைப் பார்த்துச் செய்பவர்களிடம் இருக்கிறது. விடியுமுன் கைவிளக்கு வெளிச்சத்தில் உப்பு வாரத் தொடங்குபவர்களை இதே முறையில் படமெடுத்து 'படைப்பூக்கம்' என்று பெயரிடுகிறார்கள். அந்தப் படங்களில் உழைப்பாளி கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப்போல் தெரிகிறார். எந்த இடம், என்ன வேலை என்பதும் இருளில் போய்விடுகிறது. இது வெறும் அழகியல் குறை மட்டுமன்று. கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் பிளாஷ் பட்டால் சில கணங்களுக்கு எதிரே ஒளிப்புள்ளி ஒன்றுதான் மிதக்கும். வழுக்கும் வரப்பில் தலைச்சுமையோடு நடப்பவருக்கு அந்தச் சில கணங்கள் போதும், காலை இடறிவிட. பகலெல்லாம் உப்பின் கூச்சத்தில் நோகும் கண்கள் வேறு அவை.

அப்படியானால் இரவிலும் அந்தியிலும் பிளாஷ் கூடாதா? கூடும், அங்கேதான் உண்மையான விளையாட்டு இருக்கிறது. பிளாஷ் கண நேரமே மின்னுவதால் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்தாலும் பிளாஷின் பங்கு மாறாது. வானத்தின் பங்கு மட்டும் கூடும். ஆகவே ஒரே படத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அந்தியில் 1/8 நொடி திறந்து, குறைந்த ஆற்றலில் பிளாஷைப் பக்கவாட்டிலிருந்து மின்னவிட்டால் வானமும் பாத்தியும் தம் ஒளியிலேயே பதிகின்றன, உப்பு வாரும் பலகை அசைந்த தடம் மெல்லிய கோடாய் நிற்கிறது, முகம் கூர்மையாகிறது. ஷட்டர் திறந்தவுடன் மின்னினால் தடம் ஆளுக்கு முன்னால் விழுந்து, அவர் பின்னோக்கி நடப்பதுபோல் தோன்றும். மூடுமுன் மின்னினால்தான் தடம் பின்னால் விழும். பிளாஷின்மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளை ஒட்டி, காமிராவை மின்பல்பு ஒளிக்கென உள்ள நிலையில் வைத்தால், முகம் இயல்பான நிறத்திலும் வானம் ஆழ்ந்த நீலத்திலும் வரும். குவியலுக்குப் பின்னாலிருந்து மின்னவிட்டால் உப்பின் விளிம்பு விளக்கேற்றினாற்போல் ஒளிரும். தனி மணி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியது. கோடி மணிகள் ஒளியை மாற்றி மாற்றிச் சிதறடிப்பதால்தான் குவியல் வெள்ளையாகிறது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்தியில் ஐ.எஸ்.ஓ. 400, துவாரம் 5.6 என்று வைத்தால் அதே பிளாஷ் முழு ஆற்றலில் பதின்மூன்று மீட்டர் வரை எட்டும். நண்பகலில் நம்மை அருகே இழுத்த விதி இப்போது கைவிட்டுவிடுகிறது. கேட்டு எடுப்பதும், நடப்பவர் முகத்துக்கு நேரே மின்னாமல் இருப்பதும் எடுப்பவர் பொறுப்பு.

அண்மையில் எங்கள் வட்டாரக் கல்லூரி ஒன்றின் மாணவர் காட்சியில் மரக்காணம் படங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. கருப்பு உருவங்களே மிகுதி. ஒன்று மட்டும் பகல் பிளாஷில் எடுத்தது. சேலைக்கு மேல் ஆண் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டிய நடுவயதுப் பெண். பின்னால் உப்பு மணி மணியாகத் தெரிகிறது. கன்னத்தில் வியர்வை காய்ந்த வெண்கோடு. கண் சுருங்கியிருந்தாலும் நேரே பார்க்கிறார். அந்தக் காட்சியில் நான் நெடுநேரம் நின்றது அதன் முன்னேதான். குறைகளும் உண்டு. பிளாஷைச் சூரியன் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்து, ஆற்றலையும் குறைக்காததால், கூடைக்கு இரண்டு நிழல்கள் விழுந்துவிட்டன. மரக்காணத்தில் இரண்டு சூரியன் இல்லை. அரைப்படி குறைத்திருந்தால் போதும். படத்தின் கீழே 'உழைப்பு' என்று எழுதியிருந்தது. எடுத்த மாணவரிடம் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். தெரியவில்லை. இரண்டு மீட்டரில் நின்றிருக்கிறார்!

முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளாஷின் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு அழுத்தம் தேங்குகிறது; விசையை அணைத்த பின்னும் சிறிது நேரம் அது இருக்கும். உப்புநீரோ நல்ல மின்கடத்தி. பாத்தியில் விழுந்த பிளாஷை நீங்களே திறந்து துடைக்க முயலாதீர்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். விழாமலே இருந்தாலும், வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் இணைப்பு முனைகளைத் துடையுங்கள். கடற்காற்றின் உப்பு ஒரே வாரத்தில் அவற்றில் பச்சை பூக்க வைத்துவிடும்.