மாணவ மருத்துவரா, வெள்ளுடைப் பையன்களா?

மருத்துவ மாணவர் எப்போது தம்மை மருத்துவராக உணரத் தொடங்குகின்றனர் என்னும் வினாவுக்கு, அமெரிக்கச் சமூகவியலாளரின் இரு நூல்கள் தலைப்பிலேயே எதிரெதிரான விடைகளைக் கூறிவிடுகின்றன. றொபேட் மேர்ட்டன் முதலியோர் பதிப்பித்து 1957இல் வெளிவந்த நூல் அவர்களை 'மாணவ மருத்துவர்' என்றது. கன்சாஸ் மருத்துவக் கல்லூரியை ஆராய்ந்து ஹவார்ட் பெக்கரும் வேறு மூவரும் 1961இல் வெளியிட்ட நூலோ 'வெள்ளுடைப் பையன்கள்' என்றது. (பெண்களுக்கு இத்தலைப்பில் இடமில்லை என்பது வேறொரு குறை.)

மேர்ட்டன் குழுவினர், தொழிலின் விழுமியங்களைப் படிப்படியாகத் தன்வயப்படுத்தும் ஒருவராக மாணவரைக் கண்டனர். அத்தொகுப்பில், நிச்சயமின்மையோடு வாழப் பழகுதல் பற்றி றெனி பொக்ஸ் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. பெக்கர் குழுவினர் வேறு வழி சென்றனர். எல்லாவற்றையும் கற்றுவிடலாம் என்று வந்த மாணவர், முதலாண்டிலேயே அது இயலாதெனக் கண்டு, ஆசிரியர் எதனை எதிர்பார்க்கின்றார் என்று கணிக்கத் தலைப்படுகின்றனர். மருத்துவராயிருக்க அன்று, மாணவராய்த் தப்பிப் பிழைக்கவே கற்கின்றனர். பரீட்சைக் காலத்து விடுதிகளை அறிந்த எவரும் இதனை எளிதில் மறுக்கமாட்டார்.

ஆயினும் அவர்களது முடிவை அவர்களது சான்றே அசைக்கின்றது. பல முறைப்பாடுகளோடு வந்தும் உடற்கோளாறு எதுவும் புலப்படாத நோயாளியைக் கன்சாஸ் மாணவர் 'கிறொக்' என்றனர். மட்பாண்டத்தைக் குறிக்கும் அச்சொல்லை அவர்கள் எப்பொருளில் வழங்கினர் என்பதைப் பெக்கர் துருவித் துருவிக் கேட்டறிந்தார். அந்நோயாளியிடம் கற்பதற்கு ஒன்றுமில்லை, நேரமும் வீண் என்பன மாணவ நோக்கில் எழுந்த காரணங்களே. குணப்படுத்திக் காட்ட எதுவுமில்லை என்ற ஏமாற்றம் அத்தகையதன்று. உயிர்காக்கும் வல்லமையே தொழிலின் சாரம் என்று ஏற்கெனவே நம்பியவருக்கே அது தோன்றும். இந்நம்பிக்கை மருத்துவப் பண்பாட்டிலிருந்து வந்ததென்பதை நூலாசிரியரும் ஒப்புவர். அதன் விளைவைத்தான் அவர்கள் குறைத்து மதிப்பிட்டனர். பையன் என்று அவர்கள் அழைத்தவருள் மருத்துவர் உருவாகிவிட்டார்; எவரை நோயாளியாக மதிக்கலாம் என்ற தீர்ப்புடனேயே உருவாகிவிட்டார்.

நமது மருத்துவ பீடங்களில் கற்கை ஆங்கிலத்தில்; நோயாளியின் பேச்சோ தமிழில் அல்லது சிங்களத்தில். 'உடம்பெல்லாம் உளையுது' என்று ஒரு மூதாட்டி சொல்வதை, கட்டிலருகே நின்று ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒப்புவிக்கும்போது எது எஞ்சுகின்றது, எது 'ஒன்றுமில்லை' எனக் கழிகின்றது? கன்சாஸ் நூல் எழுப்பாத இவ்வினாவை இங்கு ஆராய முனைவோர், நோயாளியின் முதற் கூற்றையும் மாணவரின் குறிப்பையும் அருகருகே வைத்துத் தொடங்கலாம்.