செபமும் சந்தாவும்: மலையகக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கருத்துமாற்றம் பற்றிச் சில குறிப்புகள்

மலையகச் சமூகத்தையும் இலக்கியத்தையும் பற்றிய நமது ஆய்வுகளில் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம் பெரும்பாலும் ஒரே வடிவிலேயே காட்சி தருகின்றது. துரையின் சமயத்தை ஏற்றது. ஆதலால் துரைக்குப் பணிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாது கோயிலுக்குச் செல்வது. தொழிற்சங்கச் சந்தாவை மட்டும் தயங்கித் தயங்கிக் கொடுப்பது. இச்சித்திரம் முற்றிலும் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால் அது அசையாத சித்திரம். அக்குடும்பங்களின் அரசியற் கருத்தும் சமயக் கருத்தும் எவ்வாறு மாறின, அவை ஒன்றையொன்று தொடர்ந்து மாறினவா என்ற வினாக்களை நமது முற்போக்கு விமர்சனம் போதிய அளவு எழுப்பியதில்லை. அவற்றை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையில், இலங்கையின் மிகுமழைப் பிரதேசங்களுள் ஒன்றாகிய வட்டவளையை மனத்திற்கொண்டு இதனை நோக்கலாம். அங்கும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தொழிலாளருட் பெரும்பான்மையோர் இந்துக்கள், கிறிஸ்தவர் சிறுபான்மையினர். எனினும் லயம் ஒன்றே, பிரட்டுக்களமும் ஒன்றே. கிறிஸ்தவக் குடும்பத்தின் கருத்துலகு கோயிலுக்குள் மட்டும் உருவானதன்று என்பதை இதனால் உணரலாம்.

தோட்டங்களில் கிறிஸ்தவம் பரவிய முறையிலேயே ஒரு முரண்பாடு இருந்தது. 1854ஆம் ஆண்டில் அங்கிலிக்கன் சார்பில் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துரைமாரின் ஆதரவிலும் பணத்திலும் இயங்கியது. ‘கூலி’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஒரு மிஷன், அந்தக் கூலியை நிர்ணயித்த அமைப்பினை வினாவுக்கு உட்படுத்தும் என எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் மிஷன் பள்ளிகள் எழுத்தறிவைத் தந்தன. அந்த எழுத்தறிவு தந்தவர் கருதிய எல்லைக்குள் நின்றுவிடவில்லை. ஹட்டன் மெதடிஸ்த மிஷன் கல்லூரியிற் பயின்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) கிறிஸ்தவர் அல்லர். ஆனால் அக்கல்வி வழங்கிய ஆங்கிலத்திலேயே 1954இல் தேயிலைத் தோட்டத்தின் துயரைக் கவிதையாக்கி உலகறியச் செய்தார். மிஷன் பள்ளியைப் பணிவின் பள்ளியாக மட்டும் காண்போர் இதனையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பத்தின் அரசியல் விசுவாசத்தைக் குலைத்த நிகழ்ச்சி கோயிலுக்கு வெளியே நடந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் திருமுழுக்குப் பெற்றவனையும் பெறாதவனையும் வேறுபடுத்தவில்லை. இருவரையும் நாடற்றவராக்கிற்று. அதனை எதிர்த்து வாக்களித்தோருள் இடதுசாரிகள் இருந்தனர். ஆனால் மார்க்சியம் நாத்திகம், அதனை அணுகற்க என்பதே அக்காலத்திற் கத்தோலிக்கத் திருச்சபையின் மேலிடம் விடுத்த எச்சரிக்கை. எந்த அணியைச் சமய நம்பிக்கையின் பாதுகாவலாகக் கருதுமாறு பழக்கப்பட்டிருந்தனரோ, அந்த அணியே அவர்தம் உரிமையைப் பறித்தது. எவரை அஞ்சுமாறு போதிக்கப்பட்டனரோ, அவரே அவர்களுக்காகப் பேசினர்.

எனினும் இம்முரண்பாடு குடும்பங்களை நேரே இடதுசாரி அணிக்குக் கொண்டுசேர்க்கவில்லை. இதற்குரிய காரணத்தை மக்களின் ‘பிற்போக்கில்’ மட்டும் தேடுதல் தவறு. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவ்வரசாங்கம் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் முடிவைப் பின்னர் பார்க்கலாம் என விட்டது. இந்தியா சென்றோரை ஏற்றிய வண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். ஹட்டனிலிருந்து தலைமன்னார் நோக்கி இறங்கிய வண்டி வட்டவளையைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. மேடையில் நின்று வழியனுப்பிய கிறிஸ்தவக் குடும்பம் எந்தக் கட்சியை நம்பியிருக்க வேண்டும் என்பதற்கு நமது விமர்சனத்திடம் இன்றும் விடையில்லை.

நமது தடுமாற்றத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாண அனுபவத்தையே நாம் அளவுகோலாகக் கொண்டோம். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவக் குடும்பங்களிற் பிறந்து பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்தவர்கள். கோயிலிலிருந்து கட்சிக்கு என்ற அவர்தம் பாதை எழுச்சியின் ஒரே பாதையாக நமக்குத் தோன்றிற்று. ஆனால் அதே யாழ்ப்பாணத்தில் வேறொரு பாதையும் இருந்தது. தம் புரொட்டஸ்தாந்து நம்பிக்கையைக் கைவிடாத எஸ். ஜே. வி. செல்வநாயகம், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரசுடன் முரண்பட்டு, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். சமய வாழ்விற் பழைமை பேணிய ஒருவர் அரசியலிற் புதுவழி காண்பது இயலாததன்று என்பதற்கு இது சான்றாகும்.

திருச்சபைகளுக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்தது. 1958இல் கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை உருவாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர் இலத்தீன் வழிபாடு தமிழாயிற்று. இயேசு சபைத் துறவியாகிய போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினைகளை ஆய்வுக்கும் போராட்டத்துக்கும் உரியனவாக்கினார். 1972இல் அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்காரவும், குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவும் இத்திசையில் நினைவுகூரத்தக்கவர்கள். எனினும் இவர்களுட் பலர் சிங்கள, ஆங்கிலச் சூழலில் உருவானவர்கள். மேலிருந்து வந்த இவ்விறையியல் லயத்து அறையில் எவ்வாறு பெறப்பட்டது என்பதை ஆராய்ந்தாலன்றி வரலாறு நிறைவுறாது.

அதனை அறிய இலக்கியம் உதவக்கூடும். கத்தோலிக்கராகிய தெளிவத்தை ஜோசப் (1934–2022) தமது ‘நாமிருக்கும் நாடே’ (1979) என்னும் சிறுகதைத் தொகுதிக்கு விவிலியத் தொடரையன்றிப் பாரதியை நினைவூட்டும் தொடரையே தலைப்பாக்கினார். நாடு மறுக்கப்பட்ட மக்களைப் பற்றிய கதைகளுக்கு அத்தலைப்பு இடப்பட்டபோது அது உரிமைக்கோரிக்கையாகவே ஒலித்தது. ஜோசப்பை மலையக எழுத்தாளராக நாம் போற்றினோம். அவரது கிறிஸ்தவப் பயிற்சிக்கும் அறச்சீற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று வினவத் தயங்கினோம். சமயத்தைப் பேசினால் வர்க்கம் மறைந்துவிடும் என்ற அச்சமே இத்தயக்கத்தின் அடிப்படை எனலாம்.

1977இன் பின்னைய நிலை இன்னும் சிக்கலானது. 1978இல் தோட்டத் தொழிற்சங்கத்தின் தலைவர் அமைச்சரானார். சங்கமும் அரசும் நெருங்கின. பிற்காலத்தில் பெந்தகொஸ்தே சபைகள் தோட்டங்களில் வேகமாகப் பரவின. பழைய பங்குகளைச் சேர்ந்த குடும்பங்களிலும் இளந்தலைமுறையினர் அவற்றை நாடினர். சங்கத்துக்குச் சந்தா கொடுத்த கை சபைக்குத் தசமபாகம் கொடுத்தது. இதனைப் பின்னடைவென்று ஒதுக்குவது எளிது. ஆனால் குடியை விலக்கிய கணவனையும், எழுந்து நின்று சாட்சி கூறும் உரிமையையும் அச்சபையிற் பெற்ற கொழுந்து பறிக்கும் பெண், சங்கக் கூட்டத்தில் எதைப் பெற்றாள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அதே சமயம் சம்பளத்தைப் பற்றிச் செபிக்கலாம், போராடலாகாது என்று போதிக்கும் சபை அவளை மீண்டும் பழைய பணிவுக்கே அழைக்கின்றது என்பதையும் மறைத்தலாகாது. 2004இல் மதமாற்றத் தடை மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அரசியலை விலக்கிய இச்சபைகளும் அரசியலுக்குள் இழுக்கப்பட்டன.

எனவே நாம் வந்தடையும் முடிவு இது: மலையகக் கிறிஸ்தவக் குடும்பத்தில் சமயக் கருத்தும் அரசியற் கருத்தும் ஒரே கடிகாரத்தின் இரு முட்கள் அல்ல. சமயத்தில் இறுகியவர் அரசியலில் விழிப்புற்றதும் உண்டு. சமயத்திற் புதுமை நாடியவர் அரசியலில் ஒடுங்கியதும் உண்டு. அவற்றைச் செலுத்திய விசை பிரஜாவுரிமை, நிலம், கூலி என்பனவற்றின் வரலாறே. பங்குப் பதிவேடுகளையும் சங்கச் சந்தாப் புத்தகங்களையும் ஒப்பந்தக் கால விண்ணப்பங்களையும் முதியோரின் வாய்மொழியையும் ஒருங்குவைத்து நோக்கும் ஆய்வே இதனை நிறுவவல்லது. முதியோர் மறையுமுன் அது தொடங்கப்பெறல் வேண்டும்.

2023இல், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. கிறிஸ்தவ அமைப்புகளும் அதிற் பங்கெடுத்தன. அழுகைக் கோச்சி இறக்கிவிட்ட கரையிலிருந்து மலைநோக்கித் திரும்பி நடந்தவர்களிற் செபமாலை ஏந்தியவரும் செங்கொடி ஏந்தியவரும் அருகருகே சென்றிருக்கலாம். அவ்விருவரையும் ஒரே குடும்பத்தவராகக் காண நமது விமர்சனம் இனியேனும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.