கிடையில் யாருக்குப் பங்கு?

கீழக்குயில்குடி அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டி, சமணர் மலைக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போனவள் நான். திரும்பி வரும்போது என் நோட்டில் சிற்பங்களைப் பற்றி நாலு வரியும் அந்த அக்காவைப் பற்றி நாலு பக்கமும் இருந்தன.

அவருடைய ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அப்பா காலத்தில் ஆடும் மாடும் அண்ணன், தம்பி இருவருக்கும் கூட்டாக இருந்தன. மலையடிவாரத்தில் மானாவாரித் துண்டு ஒன்று. மற்றபடி மேய்ச்சல் எல்லாம் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும். புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து மேய்த்தவர் இவர். நடுவில் பக்கத்து வீட்டு ஆடு இரண்டை வாரத்துக்குப் பிடித்து வளர்த்தார். ஈற்றுக்கு ஒரு குட்டி ஆட்டுக்காரருக்கு, ஒன்று இவருக்கு. இவர் பங்குக்கு வந்த குட்டிகள் வீட்டு ஆடுகளோடு ஆடுகளாகச் சேர்ந்துவிட்டன. அப்பா இறந்ததும் அண்ணன் தம்பிக்குள் தகராறு. மந்தையில் உட்கார்ந்து பேசி, ஆட்டையும் மாட்டையும் இரண்டாக வகுத்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர், "இவ்வளவு நாளு மேய்ச்சதுக்கு நீயும் ஒரு கிடாரியப் பிடிச்சுக்கத்தா" என்றாராம்.

"குட்டி மாட்டிக்கிட்டா கைய விட்டு இழுத்தவ நான். எது எந்தத் தாயோட குட்டின்னு இவங்களுக்குத் தெரியுமா சித்தப்பு?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பு பதில் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் கி. ராஜநாராயணனின் ‘கிடை’யைத் திரும்ப வாசித்தேன். இது குறுநாவல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கரிசல் காட்டுக் கிராமத்தில் பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையில் சேர்கின்றன. கிடை என்பதே ஒரு கூட்டுத் தொழில். தனித்தனியாக வைத்திருந்தால் நாலு ஆட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்; ஒன்றாகச் சேர்த்தால் மேய்ப்பும் காவலும் மிச்சம், ராத்திரிக்கு ஒரு புஞ்சையில் மடக்கினால் புழுக்கையும் மூத்திரமும் உரம். கிடை போடும் முறை எத்தனை ஆடு யாருடையது என்பதைப் பொறுத்து வரும். இந்த ஏற்பாட்டின் நுணுக்கத்தைத் தமிழில் இவ்வளவு ருசியாக எழுதியவர் வேறு யாரும் இல்லை.

கதையில் ஆடுகள் ஒரு புஞ்சைக்குள் இறங்கிப் பயிரை அழித்துவிடுகின்றன. ஊர் கூடுகிறது. தடயங்களை வைத்துத் துப்புத் துலக்கப்படுகிறது. ஆடு தவறியதற்குக் காரணம், அந்த நேரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தங்களை மறந்திருந்ததுதான். எல்லப்பன் மேல்சாதிப் பையன். செவனி ஒடுக்கப்பட்ட சாதிப் பெண், ஆடு மேய்ப்பவள். முடிவில் அவனுக்குக் கல்யாண ஊர்வலம். அவளுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லிப் பேயோட்டுகிறார்கள்.

இந்த முடிவைச் சாதிக்கு எதிரான அடி என்று பலரும் சரியாகவே வாசித்திருக்கிறார்கள். நான் முதல் வாசிப்பில் அழுதேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த முறை வேறொன்று உறுத்தியது. கதையில் ஆணின் அறிவு சாட்சியாகிறது. தடம் பார்த்துச் சொல்லும் பெரியவரை ஊர் நம்புகிறது, நாமும் ரசித்து நம்புகிறோம். செவனிக்கும் ஆடுகளைப் பற்றி எவ்வளவோ தெரிந்திருக்கும்; அவளும் மேய்க்கிறவள்தானே. ஆனால் அவள் அறிவு எந்த இடத்திலும் வழக்குக்குள் வருவதில்லை. அவள் உடம்பு மட்டும் தடயமாக வருகிறது. கிடையின் பங்குக் கணக்கைக் குட்டி வரைக்கும் அறிந்த கி.ரா.வுக்கு, அந்தக் கணக்கில் செவனிக்கு என்ன வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு நேர்ந்தது காதலில் துரோகம் என்றே கதை நம்மைத் துக்கப்பட வைக்கிறது. கூலியில், பங்கில் நடந்த துரோகத்துக்கு நம்மிடம் கண்ணீர் மிச்சமில்லை.

அம்ஷன் குமார் 2003இல் இந்தக் குறுநாவலைப் படமாக்கியபோது ‘ஒருத்தி’ என்று பெயர் வைத்தார். கிடை போய் ஒருத்தி வந்தாள். தலைப்பிலேயே ஒரு விமர்சனம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் கிடையை விட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் எடுத்தாலும் சிக்கல்தான். அந்த அக்காவின் பிரச்சினை அவர் ஒருத்தி என்பதில் இல்லை. கூட்டில் அவரும் ஓர் ஆள் என்பதை யாரும் எண்ணவில்லை என்பதில் இருக்கிறது.

மதுரைக்குப் பழைய கதை ஒன்று உண்டு, அதில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைப்பது மதுரைப் புறத்து ஆயர்சேரியில் இருக்கும் மாதரியிடம். ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தைப் பாருங்கள். அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை இன்று நம்முடையது என்று மகள் ஐயையை எழுப்புகிறவள் மாதரி. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் என்று தீக்குறிகளைப் படித்துச் சொல்கிறவளும் அவள்தான். அதாவது இங்கே பெண்ணின் மாட்டறிவு சாட்சியாகிறது. அதன் பேரில் சேரியே கூடிக் குரவை ஆடுகிறது. ஏழு பெண்கள் ஆளுக்கொரு காளையைக் குறித்து வளர்த்திருக்கிறார்கள். அந்தக் காளையை அடக்குகிறவனுக்கே அவள் என்பது ஏற்பாடு. வளர்த்த காளையும் வளர்த்தவளும் ஒரே நாளில் கைமாறுகிற ஏற்பாடு அது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏறுதழுவலைத் தமிழ் வீரம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த வளர்ப்பைத் தாண்டி நேராக வாடிவாசலுக்குப் போய்விடுகிறார்கள். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாச’லும் அப்படித்தான், அங்கே காளைக்கு ஜமீன்தார் இருக்கிறார், அடக்க வரும் பிச்சி இருக்கிறான், தண்ணி காட்டிய கை இல்லை. மாதரியோ கண்ணகி என்னும் அடைக்கலத்தைக் காக்க முடியாத துக்கத்தில் தீயில் இறங்கினாள் என்று பின்னால் ஒரு சேதியாக வருகிறது. அவள் மாடுகள் யாரிடம் போயின என்று காப்பியம் சொல்லவில்லை.

சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’க்கு வரும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊர் ஊராகக் கிடை போட்டுத் திரியும் கீதாரிகளின் வாழ்க்கை அது. மனநலம் பிறழ்ந்த ஒரு பெண் பெற்றுப்போட்ட இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒன்று கிடையிலேயே கரிச்சாவாக வளர்கிறது. இந்த நாவலில் ஆடு மேய்ப்பது பின்னணிக் காட்சி கிடையாது, அது வேலை. மழையில் குட்டியைக் காப்பது, வெட்டவெளியில் அடுப்பு மூட்டுவது, கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குச் சுமப்பது எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. கலையமைதியில் ‘கிடை’க்கு இது ஈடில்லை, தளர்ந்த இடங்கள் பல உண்டு, துன்பத்தின் மேல் துன்பத்தை அடுக்குவதில் ஆசிரியருக்குக் கை நிற்பதில்லை. இருந்தும் அந்த அக்காவிடம் ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் எடுத்துப் போவேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவிகள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் கல்யாணம் ஆனவர்களை அது வெளியே நிறுத்தியது. 2005இன் மத்தியச் சட்டத்திருத்தம் அந்தக் கதவையும் திறந்தது. பிறப்பாலேயே மகள் பங்குதாரர், 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தகப்பனார் தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தாலும் மகனுக்கு உள்ளது மகளுக்கும் உண்டு. அதில் ஆடு மாடும் அடக்கம்.

ஆக அக்காவுக்கு மகள் என்ற முறையில் பங்கு இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, கேட்கலாம். மாட்டுக்கு எந்தத் தாள்? "செத்துப்போச்சு, வித்தாச்சு" என்றால் முடிந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு 4 ஆடுகள் அவர்கள் பெயரிலேயே கொடுக்கப்பட்டன. இலவசம் என்று கேலி பேசியவர்கள் அதிகம். பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட ஆடு எவ்வளவு அபூர்வம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதைவிட முக்கியமானது இரண்டாவது உரிமை. மகளாக வருவது ஒன்று. மேய்த்தவளாக, கூட்டாளியாக வருவது வேறு. வாரத்துக் குட்டிகள் அவர் தனியாகச் சம்பாதித்தவை, தகப்பன் சொத்தே அல்ல. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று சொல்லி, சில சொத்துகளில் பாதியை அவருக்கு அளித்தார். அது மனைவிக்கு. அண்ணன் தம்பி வீட்டில் உழைத்த அக்கா தங்கைகளுக்கும் அந்த வாதத்தை நீட்ட வேண்டும் என்பது என் கட்சி.

நீட்டும்போது மொழியே குறுக்கே நிற்கிறது. ‘பங்காளி’ என்றால் பங்குக்கு உரியவன். இந்தச் சொல்லுக்குப் பெண்பால் இல்லை. ஒரு பெண் எந்தப் பங்காளி வகையறாவில் பிறக்கிறாள், எதற்குள் கட்டிக் கொடுக்கப்படுகிறாள் என்று சொல்லலாம். அவளே பங்காளி என்று சொல்லிப் பாருங்கள், மந்தையில் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மகளுக்கு விடும் நிலத்தை மஞ்சள்காணி என்போம். மஞ்சளுக்குக் கொடுப்பதாம். பங்கு என்ற சொல் அதிலும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழக்குயில்குடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு, அதை இங்கே தொட்டாவது போக வேண்டும். 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் முதலில் பாய்ந்தது இந்த ஊர்க் கள்ளர்கள் மேல். ரேகைச் சட்டம் என்று மக்கள் சொல்வது அதைத்தான். மாடு களவும், அதைத் திருப்பிக் கொடுக்க வாங்கும் துப்புக்கூலியும் போலீஸ் ஆவணங்களில் பக்கம் பக்கமாக உண்டு. ஆண்களை ராத்திரி காவல் நிலையத்தில் படுக்க வைத்த ஆண்டுகளில் தொழுவத்தில் யார் முழித்திருந்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆவணங்களை எழுதியவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது.

பேச்சிப்பள்ளத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன, ஆயிரம் வருசத்துக்கு மேற்பட்டவை. ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். மகனைச் சொல்லித்தான் அவரைச் சொல்கிறார்கள். ஆனாலும் பெயர் இருக்கிறது, செய்வித்தவர் அவர் என்றும் இருக்கிறது. இறங்கி வந்தபோது அக்காவிடம் இதைச் சொன்னேன். "படிச்சவுக போல" என்றார். பிறகு, மலைச் சரிவில் தனியாக ஏறிக்கொண்டிருந்த ஒரு செம்மறியைக் காட்டி, "அது வாரத்துல வந்த மூணாவது ஈத்து. தம்பி பங்குல போயிருச்சு. சாயங்காலமானா இன்னும் எங்கிட்டதான் வருது" என்றார்.