தண்டனையைத் தடுக்கும் ஐயம்

காயல்பட்டினம் போன்ற தமிழ் முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன் இறந்தவரின் வாரிசு ஒருவர் ஜமாஅத்தின் முன் நின்று பேசும் வழக்கம் உண்டு. மரித்தவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் தம்மிடம் பெற்றுக்கொள்ளலாம் என்பார். மனம் நோகச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவரும் உற்றார் உறவினரிடம் அப்படியே கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். பாவத்தையும் குற்றத்தையும் இஸ்லாம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதை இந்த வழக்கம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அல்லாஹ்வுக்கு மட்டும் செய்த பிழை தவ்பாவில், அதாவது மனம் வருந்தி மீள்வதில், கரையும். மனிதனுக்கு இழைத்த தீங்கோ, அந்த மனிதன் பொறுத்தாலன்றி மறுமையிலும் கணக்குத் தீராது.

சட்ட நூல்கள் இந்தப் பிரிவின் மீதுதான் எழுப்பப்பட்டிருக்கின்றன. குர்ஆனும் நபிவழியும் அளவு குறித்த தண்டனைகள் ஹத்து. கொலைக்கும் காயத்துக்கும் ஈடான தண்டனை கிஸாஸ். அதற்குப் பதிலாக வாங்கும் இழப்பீடு தியத். மற்றதெல்லாம் தஅஸீர், அதாவது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. கசையடியையும் கை வெட்டுவதையும் மட்டும் கேள்விப்பட்டவர்கள் இந்த நூல்களைத் திறந்தால் வியந்துபோவார்கள். பக்கம் பக்கமாக அங்கே எழுதப்பட்டிருப்பது, எப்போது தண்டிக்கக் கூடாது என்பதைப் பற்றித்தான்.

திருட்டை எடுத்துக்கொள்வோம். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபு. அதன்படி திருடிய பொருள் கால் தீனார் மதிப்பாவது பெற வேண்டும். பாதுகாப்பான இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் திருடியவருக்கும் பங்கிருக்கலாம் என்ற ஐயம்கூட இருக்கக் கூடாது. பஞ்ச ஆண்டில் கலீஃபா உமர் இந்தத் தண்டனையையே நிறுத்திவைத்தார். விபசாரத்துக்குக் கண்ணால் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும்; குற்றம் சாட்டி நிரூபிக்க முடியாதவருக்கு 80 கசையடி. தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாயிஸை நபிகள் நாயகம் திரும்பத் திரும்ப முகம் திருப்பி அனுப்பப் பார்த்ததை ஹதீஸ் நூல்கள் பதிவுசெய்கின்றன. ஐயம் வந்தால் ஹத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியின் வரலாற்றை இன்திஸார் ரப் 2015இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இத்துறையில் நுழைகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல் அது என்பேன்.

வாக்குமூலம் பற்றியும் பழைய அறிஞர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ஹனஃபி அறிஞர் அபூ யூசுஃப் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களை அடிப்பதைக் கண்டித்தார். 2020 ஜூனில் காயல்பட்டினம் இருக்கும் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிக்கப்பட்டுப் பின் உயிரிழந்ததைக் கண்ட நாம், எட்டாம் நூற்றாண்டின் அந்த எச்சரிக்கையைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது.

இந்தியாவில் இந்த இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நீதிமன்றங்களில் காஜிகளும் முஃப்திகளும் ஃபத்வா எழுதிய காலம் ஒன்று இருந்தது. கொலையுண்டவரின் வாரிசுகள் மன்னிக்கும் உரிமையை வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1790களின் தொடக்கத்தில் பறித்தார். கூடுதலாகத் தூக்கிலிடுவதற்கு வழி செய்த இந்த மாற்றத்தைத்தான் சீர்திருத்தம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்ததும் மிச்சமும் போயிற்று. 1937இன் ஷரீஅத் சட்டம் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றோடு நின்றுகொண்டது.

ஆனால் வளைகுடாவுக்கு வேலை தேடிப் போகும் தமிழ் பேசுவோருக்கு இந்தச் சட்டம் இன்றும் உயிர்ப்பிரச்சினை. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிஸானா நஃபீக், பிறந்த ஆண்டு மாற்றப்பட்ட கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனார். வயது 17. சில வாரங்களில் அவர் புட்டிப்பால் கொடுத்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. மூச்சுத் திணறி இறந்ததாக அவர் சொன்னார். கழுத்தை நெரித்ததாக வழக்கு. 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9 அன்று தலை துண்டிக்கப்பட்டது.

உலகெங்கும் அவருக்காகப் பேசியவர்கள் வயதையே முன்வைத்தார்கள். சவூதி ஒப்புக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின்படி அது சரியான வாதம்தான். ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்டவியலின் உள்ளே நின்று பார்த்தால் அந்த வாதம் பலவீனமானது. ஷாஃபி, ஹன்பலி மரபுகளில் பருவமடைந்தாலோ 15 சந்திர ஆண்டு நிறைந்தாலோ பொறுப்பு வந்துவிடும். பலமான வாதம் வேறு இடத்தில் இருந்தது. கைதவறி நேர்ந்த மரணத்துக்குக் கிஸாஸே கிடையாது, தியத்தும் பரிகாரமும்தான். நெரித்தார் என்பதற்கு வழக்கு பெரிதும் நம்பியது அவருடைய வாக்குமூலத்தை. தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், மிரட்டி வாங்கப்பட்டது என்று சொல்லி அவர் அதைப் பின்வாங்கினார். மனிதனுக்கு இழைத்த தீங்கு சார்ந்த வழக்கில் பின்வாங்கலைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை என்பது உண்மை. மிரட்டி வாங்கியதோ தொடக்கத்திலேயே செல்லாது. ஐயம் கிஸாஸையும் தடுக்கும்.

மன்னிப்பு பலித்த வழக்கும் உண்டு. குவைத்தில் மலப்புரத்துக்காரர் ஒருவரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற தஞ்சை மாவட்டத் தொழிலாளிக்காக, அவர் மனைவி 2017இல் கேரள முஸ்லிம் தலைவர் பாணக்காடு முனவ்வர் அலி ஷிஹாப் தங்களைத் தேடிப்போனார். 30 லட்சம் ரூபாய் திரட்டப்பட்டது; கொலையுண்டவரின் குடும்பம் மன்னித்தது; தண்டனை ஆயுளாகக் குறைந்தது. கொன்றவர் இந்து, இறந்தவர் முஸ்லிம். அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என்றாலும் பணம் திரட்ட ஆள் இல்லாத ஏழையின் நிலை என்ன என்ற கேள்வி நிற்கிறது.

ஐரோப்பிய முஸ்லிம் அறிஞர் தாரிக் ரமழான் 2005இல் மரண தண்டனையையும் உடல் தண்டனைகளையும் நிறுத்திவைக்கச் சொன்னபோது, அல்அஸ்ஹர் அறிஞர்கள் உட்படப் பலர் மறுத்தார்கள். இறைச்சட்டத்தை நிறுத்த யாருக்கும் உரிமையில்லை என்பது அவர்கள் தரப்பு. உமர் நிறுத்தியது எந்த உரிமையில் என்பதை அவர்கள் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த விவாதம் ஒருபுறம் இருக்க, ரிஸானா வழக்கில் குழந்தையின் பெற்றோர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் வாசலுக்கு அந்த வழக்கு போவதற்கு முன்பே, ரிஸானா எந்த மொழியில் விசாரிக்கப்பட்டார், பக்கத்தில் வழக்கறிஞர் இருந்தாரா என்று வழக்கை விசாரித்த தவாத்மி நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டும்.